ரிங் ஃபிரேம் சைடர் வேலைக்குப் புது ஆளைப் பழக்குவது எப்படி? கூட நிறுத்தினால் போதுமா?

சேரன்மாதேவி_ஷிப்ட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மாதேவி பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். 200 பேர், மூணு ஷிப்ட். ரிங் ஃபிரேம் (பஞ்சை முறுக்கி நூலாக்குற மெஷின்) ஒவ்வொண்ணும் 1008 கதிர். 30, 40-ம் நம்பர் காட்டன் நூல் ஓடுது (நம்பர் கூடக் கூட நூல் மெலிசு).

புதுசா வர்றவங்க ரெண்டு வகை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்திக்கிட்டிருந்த பெண்கள் ஒரு பக்கம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் இன்னொரு பக்கம். இப்போதைக்குப் பயிற்சின்னா, பழைய சைடர் (ஃபிரேமைப் பார்த்துக்கிற ஆள்) கூட 15 நாள் நிறுத்துறது, அப்புறம் தனி ஃபிரேம் கொடுக்கிறது. சிலருக்குச் சீக்கிரம் கை வந்துடுது. சிலருக்கு ரெண்டு மாசம் ஆனாலும் பீசிங் (அறுந்த நூலை ஒட்டுறது) தடுமாறுது, நியூமாஃபில் கழிவு (அறுந்த கதிர்ல இருந்து காத்து உறிஞ்சி எடுக்கிற பஞ்சு) ஏறுது, பாதிப் பேர் நின்னுடறாங்க.

பயிற்சிக்குத் தனியா ஆள், இடம், நேரம் ஒதுக்கச் சொன்னா, அதுல என்ன மிச்சம்னு மேலே கணக்கு கேக்கறாங்க. எந்த வரிசையில சொல்லிக் கொடுக்கணும், தேறிட்டாங்கன்னு எதை வச்சு முடிவு பண்ணணும், மேலே காட்ட என்ன கணக்கு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கதிரடி:

தம்பி, கூட நிறுத்துறதுல அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கு. பழைய சைடர் அன்னைக்கு உற்பத்தி காட்டியாகணும். அவங்க கை போற வேகத்துல புது ஆள் கண்ணுக்கு ஒண்ணும் பிடிபடாது. கேள்வி கேட்டாலும் காதுல விழாது, ரிங் ஃபிரேம் சத்தம் 90 டெசிபலை ஒட்டி நிக்கும். கெட்ட பழக்கமும் சேர்ந்தே ஒட்டிக்கும். அடி ரோலர்ல பஞ்சு லேப்பிங்கா சுத்திக்கிட்டா, ஓடுற ஃபிரேம்லயே கத்தி விட்டு அறுக்கிற பழக்கம் எத்தனை மில்லுல இருக்குன்னு பாருங்க. விரலும் போகும், ரோலரும் கீறும். புது ஆள் முதல் வாரத்துல பார்க்கிறதே அதுதான்னா, அதுதான் முறைன்னு நினைச்சுக்கிடுவாங்க.

அதனால மொதல்ல வேலையைப் பிரிச்சுத் தாள்ல எழுதுங்க. ரெண்டாம் உலகப் போர் சமயம் அமெரிக்க ஆலைகளுக்காக உண்டான டி.டபிள்யூ.ஐ (Training Within Industry, ஆலைக்குள்ளேயே பயிற்சி) முறை இதுக்குத்தான் இருக்கு. மூணு பத்தி போதும்: என்ன செய்யணும், அதுல எது முக்கியம், ஏன். பீசிங்குக்கு எழுதினா இப்படி வரும்.

முழங்கால் பிரேக்கை அழுத்திக் கதிரை நிறுத்தணும். கையால பிடிச்சு நிறுத்தக் கூடாது, தோல் உரியும், நூல்ல அழுக்கு ஏறும்.

காப்பை, அதாவது நூல் சுத்தின பாபினைத் தூக்கி நூல் நுனியைப் பிடிக்கணும். ஃப்ரண்ட் ரோலர் வரைக்கும் எட்டுற நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தா போதும். அதிகமா இழுத்தா மிச்சம் சுருண்டு பக்கத்துக் கதிர்ல போய் மாட்டும், அதுவும் அறுந்துடும்.

நூலை விறைப்பாப் பிடிச்சு டிராவலருக்குள்ள (ரிங் மேல ஓடுற சின்னக் கம்பி வளையம்) ஏத்தணும். டிராவலர் பறந்து போயிருந்தா புதுசு மாட்டிட்டுத்தான் ஒட்டணும். எந்த நம்பர் டிராவலர்னு பார்க்காம கையில கிடைச்சதை மாட்டினா அந்தக் கதிர் திரும்பத் திரும்ப அறும்.

காப்பைக் கதிர்ல சரியா உட்கார வச்சு, நூலைப் பலூன் கன்ட்ரோல் ரிங் வழியாவும் மேல லாப்பெட் கொக்கி வழியாவும் கொண்டு வரணும். அரைகுறையா உட்கார்ந்த காப் ஆடும்.

பிரேக்கை விட்டு, அந்த நொடியிலேயே நுனியை ஃப்ரண்ட் ரோலர்ல பஞ்சு வெளியே வர்ற இடத்துல காட்டணும். உள்ளே திணிக்கக் கூடாது. பஞ்சைத் தொட்டதும் முறுக்கு ஏறித் தானா ஒட்டிக்கும். நுனி நீளமாப் படிஞ்சா ஒட்டு தடிக்கும், நூலைக் கோன்ல சுத்துற ஆட்டோகோனர் மெஷின்ல இருக்கிற கிளியரர் அதைக் குறைன்னு வெட்டித் தள்ளும்.

இந்தத் தாளை உங்க மில்லுல நல்லா பீசிங் போடுற ரெண்டு பேரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுங்க. வெளியில இருந்து வாங்கின தாள் உங்க ஃபிரேமுக்குப் பொருந்தாது.

சொல்லிக் கொடுக்கிற வரிசை: காரணம் சொல்றது எல்லாம் சத்தமில்லாத ரூம்ல, காட்டுறது ஃபிரேம்ல. நின்ன ஃபிரேம்ல மூணு தடவை செஞ்சு காட்டணும். ஒரு தடவை படியை மட்டும் சொல்லி, அடுத்த தடவை முக்கியமானதைச் சேர்த்து, மூணாவது தடவை காரணத்தோட. பொறவு அவங்களைச் செய்யச் சொல்லணும். மொதல்ல பேசாம செய்யட்டும், தப்பு வந்தா அங்கனயே நிறுத்தித் திருத்துங்க. அடுத்து படியைச் சொல்லிக்கிட்டே, அடுத்து முக்கியமானதைச் சொல்லிக்கிட்டே, கடைசியா காரணத்தையும் சொல்லிக்கிட்டே செய்யணும். வாயால சொல்ல முடியலைன்னா கை வந்திருந்தாலும் பாதிதான் வந்திருக்கு.

டிராவலர் ஏத்துறதுதான் எல்லாருக்கும் இடறுற இடம். அதைத் தனியாப் பிரிச்சு நின்ன கதிர்லயே பழக்குங்க. தொடர்ந்து 20 கதிர் தடுமாறாம ஏத்துற வரைக்கும் ஓடுற ஃபிரேம் பக்கம் விடக் கூடாது. ஓடுற ஃபிரேம்ல ஆரம்பிக்கும்போது 30-ம் நம்பர்லயே ஆரம்பிங்க, 40 பொறவு. டாஃப் (நிறைஞ்ச காப்புகளை எடுத்துட்டுக் காலிப் பாபின் போடுறது) முடிஞ்சு ஃபிரேம் திரும்ப ஓட ஆரம்பிக்கிற நேரம் கூடவே கூடாது. அப்போ அறுதல் மொத்தமா வரும், புது ஆள் பயந்துடுவாங்க. மொதல்ல 100 கதிர், அப்புறம் ஒரு பக்கத்துல பாதி, அதாவது 252, அப்புறம் ஒரு பக்கம் முழுசா 504, கடைசியாத்தான் 1008. அடுத்த கட்டத்துக்கு விடுறதை நாள் எண்ணி முடிவு பண்ணாதீங்க, ஸ்டாப் வாட்ச்சை வச்சு முடிவு பண்ணுங்க.

இப்போ கணக்கு. ஒரு ஃபிரேமை ஒரு மணி நேரம் நின்னு எண்ணுங்க. 40 அறுதல் வந்தா, 40-ஐ 1008-ஆல வகுத்து 100-ஆல பெருக்குங்க: 100 கதிர்-மணிக்கு ஏறக்குறைய 4. ஒரு சைடருக்கு ரெண்டு ஃபிரேம்னா மணிக்கு 80 அறுதல். பழகின கை ஒரு ஒட்டுக்கு 6 நொடி எடுத்தா 480 நொடி, 8 நிமிஷம். புது ஆள் 15 நொடி எடுத்தா 20 நிமிஷம். அந்த 12 நிமிஷ வித்தியாசத்துலதான் ரோவிங் (நூலாகப் போற தடிச்ச பஞ்சுத் திரி) மாத்துறது, சுத்தம் பண்றது, சுத்தி வந்து பார்க்கிறது எல்லாம் போகுது. சுத்து பிந்தினா, அறுந்த கதிர் அதுவரைக்கும் நல்ல பஞ்சை நியூமாஃபில் பெட்டிக்குள்ள கொட்டிக்கிட்டே இருக்கும். இந்த 6-ம் 15-ம் உதாரணத்துக்குச் சொன்னது, உங்க ஆட்களை வச்சு நீங்களே அளந்து போடுங்க. அந்தப் பெட்டிக் கழிவைப் பயிற்சி ஃபிரேமுக்கும் பழகின சைடர் ஃபிரேமுக்கும் தனித்தனியா ஷிப்ட் முடிவுல எடை போட்டு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பஞ்சு விலையால பெருக்கிக் காட்டுங்க. மேலே கேக்கற கேள்விக்குப் பதில் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஆனி, ஆடிக் காத்துல செங்கோட்டைப் பக்கமிருந்து அடிக்கிற காத்து டிபார்ட்மெண்ட் ஈரப்பதத்தை மாத்திடும். ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கின அன்னைக்கு வந்த அறுதல் எண்ணிக்கையைப் புது ஆள் மேல எழுதாதீங்க. அளக்கும்போதே ஈரப்பதத்தையும் பக்கத்துல குறிச்சு வைங்க.

---

மில்_ஹெச்ஆர்_நெல்லை:

கதிரடி அண்ணாச்சி சொன்னதோட ஆள் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

பீடி சுத்தின பெண்களுக்கு விரல் ஏற்கெனவே பழகினது. டிராவலர் ஏத்துறதுல மத்தவங்களை விடச் சீக்கிரம் வந்துடுவாங்க. அவங்களுக்குக் கஷ்டம் கால்ல. உட்கார்ந்தே வேலை பார்த்தவங்களை முதல் நாளே 8 மணி நேரம் நடக்க விட்டா மூணாவது நாள் வர மாட்டாங்க. முதல் வாரம் ரெண்டு ரெண்டு மணி நேரமாப் பிரிச்சு, நடுவுல ரூம்ல உட்கார்ந்து படிக்கிற பாடத்தை வைங்க. ஒடிசா, பீகார் பையன்களுக்கு மொழிதான் தடை. அவங்க மொழியில பேசத் தெரிஞ்ச பழைய ஆள் ஒருத்தரைப் பயிற்சியாளர் பக்கத்துல நிறுத்துங்க. நல்ல ஒட்டு, தடிச்ச ஒட்டு, லேப்பிங், தேஞ்ச டிராவலர் எல்லாத்தையும் அட்டையில ஒட்டி மாதிரிப் பலகை ஒண்ணு செய்யுங்க. தொட்டுப் பார்த்துப் புரிஞ்சுக்கிறதுக்கு மொழி வேண்டாம்.

சேர்க்கும்போதே நிறப்பார்வை பார்த்துடுங்க. 30-க்கு ஒரு நிறப் பாபின், 40-க்கு ஒரு நிறம்னு வச்சிருப்பீங்க. சிவப்பு, பச்சை பிரிக்கத் தெரியாத ஆள் பாபினை மாத்திப் போட்டா நம்பர் கலந்துபோகும். துணியில பட்டை விழுந்து பார்ட்டி திருப்பி அனுப்பும்போது, எந்த ஷிப்ட்ல கலந்ததுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. நிறப்பார்வைத் தட்டு அஞ்சு நிமிஷ வேலை. தேறாதவங்களை வேற டிபார்ட்மெண்டுக்கு விடலாம், ஆளை அனுப்ப வேண்டியதில்லை.

நின்னுபோறவங்க விஷயத்துல, எத்தனை பேர் நின்னாங்கன்னு மட்டும் எழுதாம, சேர்ந்து எத்தனையாவது நாள்ல நின்னாங்கன்னு எழுதுங்க. முதல் பத்து நாளுக்குள்ள நிக்கிறவங்களுக்குக் காரணம் பெரும்பாலும் கால் வலி, நைட் ஷிப்ட், சத்தம், ஹாஸ்டல் சாப்பாடு. இயர் பிளக் கொடுத்தா மட்டும் போதாது, காதுல எப்படி வைக்கணும்னு காட்டணும். மூணாவது மாசத்துல நிக்கிறவங்க வேற. வேலை வந்துடுச்சு, கூலி ஏறலை, பக்கத்து மில்லுல கூட்டிக் கொடுக்கறாங்க. இதைப் பயிற்சியால சரிபண்ண முடியாது. 504 கதிர் தேறினா இவ்வளவு, 1008 தேறினா இவ்வளவுன்னு கூலியை முன்னாடியே எழுதிக் கொடுத்துடுங்க.

---

சேரன்மாதேவி_ஷிப்ட்:

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, பயிற்சியாளரா யாரைப் போடுறது? வேகமான சைடரைக் கேட்டா "இன்சென்டிவ் போயிடும்"னு மறுக்கறாங்க. ரெண்டு, புது ஃபிரேம்ல எல்லாம் இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தை மாத்துற கருவி) வந்துடுச்சு. பழைய ஃபிட்டர்கள் கியர், பேரிங் வேலையில கில்லாடிங்க, பேனலைத் திறக்கவே தயங்கறாங்க. அவங்களுக்கு என்ன பண்றது?

---

கதிரடி:

அவங்க மறுக்கிறதுல நியாயம் இருக்கு. சொல்லிக் கொடுக்கிற நாள்ல அவங்களோட முந்தின மூணு மாச சராசரி இன்சென்டிவை அப்படியே கொடுங்க, மேல ஒரு பயிற்சிப் படியும் சேருங்க. இதைக் கொடுக்காம பயிற்சியாளர்னு பேர் மட்டும் வச்சா, அவங்க ஒரு கண்ணை மீட்டர் மேலயே வச்சிருப்பாங்க.

வேகமான ஆள்தான் நல்லா சொல்லிக் கொடுப்பாங்கன்னு இல்லை. ஒட்டு சுத்தமா இருக்கணும், தப்பைப் பார்த்தா கோபப்படாம திருத்தணும், செய்யறதை வாயால சொல்லத் தெரியணும். ஒரு பயிற்சியாளருக்கு ஒரே நேரத்துல மூணு, நாலு பேருக்கு மேல கொடுக்காதீங்க. பயிற்சியாளருக்கும் பயிற்சி வேணும். டி.டபிள்யூ.ஐயில இதுக்கு 10 மணி நேரப் பாடம், ரெண்டு ரெண்டு மணி நேரமா அஞ்சு நாள், ஒரு அணிக்கு 10 பேர். ஒவ்வொருத்தரும் ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்துக் காட்டணும், மத்தவங்க குறை சொல்லணும். கோயம்புத்தூர்ல சிட்ராவும் (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) மில் ஆட்களுக்குப் பயிற்சி நடத்துது, ஒரு பயிற்சியாளரை அனுப்பி வைச்சா வந்து மத்தவங்களுக்குச் சொல்லுவாங்க.

---

பேனல்_ஃபிட்டர்_கங்கைகொண்டான்:

ஃபிட்டர்கள் தயங்குறது நல்லதுக்குத்தான். இன்வெர்ட்டரைப் பழைய ஸ்டார்ட்டர் மாதிரி நினைச்சுத் திறந்தாத்தான் ஆபத்து. ஓடுற மெஷின்ல பழக்காதீங்க. கழிச்சுப்போட்ட சின்ன இன்வெர்ட்டர் ஒண்ணு, 1 ஹெச்.பி. மோட்டார், ஒரு எம்.சி.பி, கான்டாக்டர், ரெண்டு புஷ் பட்டன், ஒரு ப்ராக்சிமிட்டி சென்சார், எமர்ஜென்சி ஸ்டாப். இதையெல்லாம் ஒரு பிளைவுட் பலகையில மாட்டினா பயிற்சிப் பேனல் ரெடி. எர்த் கட்டாயம்.

முதல் பாடம் திறக்கிறது இல்லை, காத்திருக்கிறது. 415 வோல்ட் லைன்ல ஓடுற இன்வெர்ட்டருக்கு உள்ளே இருக்கிற டி.சி. பஸ் 415-ஐ 1.414-ஆல பெருக்கினா வர்ற 587 வோல்ட்டுக்கு சார்ஜ் ஆகி நிக்கும். மெயினை ஆஃப் பண்ணாலும் கெபாசிட்டர்ல கரண்ட் இருக்கும். இன்வெர்ட்டர் மேலேயே எத்தனை நிமிஷம் காத்திருக்கணும்னு எழுதியிருக்கும், அதுவரைக்கும் தொடக் கூடாது. டிஸ்பிளே அணைஞ்சா கரண்ட் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. காத்திருந்த பிறகும் டி.சி. ரேஞ்ச்ல மீட்டரை வச்சு பஸ் டெர்மினல்ல அளந்துட்டுத்தான் கை வைக்கணும். மெயினுக்குப் பூட்டுப் போட்டு, சாவி வேலை பார்க்கிறவர் பையில இருக்கணும். ரெண்டு பேர் வேலை பார்த்தா ரெண்டு பூட்டு.

அடுத்தது மெக்கர், அதாவது இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர். பழைய ஃபிட்டர்கள் மோட்டார் எரிஞ்ச சந்தேகம் வந்தா உடனே மெக்கரை எடுப்பாங்க. இன்வெர்ட்டர்ல இருந்து மோட்டார் ஒயரைக் கழட்டாம மெக்கர் போட்டா, அது விடுற 500 வோல்ட், இன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற ஐ.ஜி.பி.டி டிரான்சிஸ்டரைக் காலி பண்ணிடும். ஒரு தடவை போட்டா புது இன்வெர்ட்டர்தான். கழட்டு, ரெண்டு முனையையும் தனியா வை, பிறகு போடு. இதைப் பலகையிலேயே பத்து தடவை செய்ய வைங்க. அதே மாதிரி இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவுல பி.எஃப் (பவர் ஃபேக்டர்) கெபாசிட்டர் வைக்கக் கூடாது, ஓடும்போது அந்தப் பக்கம் கான்டாக்டரைத் திறக்கக் கூடாது. அவுட்புட்டை அளக்க ட்ரூ ஆர்.எம்.எஸ் மீட்டர் வேணும், சாதா மீட்டர் தப்பாக் காட்டும்.

இது முடிஞ்சா கோளாறு வச்சுக் கண்டுபிடிக்கச் சொல்றது. சென்சார் ஒயரைக் கழட்டி வைங்க, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தியே விடுங்க, ஆக்சலரேஷன் டைமை 1 நொடியாக் குறைச்சு வைங்க. ஓவர் கரண்ட் ட்ரிப் ஆகும். ஃபிட்டர் ஃபால்ட் கோடை எழுதி, மேனுவலைப் புரட்டி, காரணம் சொல்லணும். ட்ரிப் ஆனதும் ரீசெட் அடிச்சு அடிச்சு ஓட்டுற பழக்கத்தை இந்தக் கட்டத்துலயே ஒழிச்சுடணும். அப்புறம் பாராமீட்டர் லிஸ்டைப் படியெடுத்து ஒவ்வொரு பேனல் கதவு உள்பக்கமும் ஒட்டுங்க. ராத்திரி ஷிப்ட்ல யாராவது மாத்தினா பழையபடி வைக்க அது ஒண்ணுதான் வழி.

பஞ்சாலைக்கே உள்ள தொல்லை ஒண்ணு உண்டு: பறக்கிற பஞ்சு இன்வெர்ட்டர் ஃபேனை அடைச்சு ஓவர் ஹீட் ட்ரிப் வரும். வாரம் ஒரு தடவை ஃபில்டர் துடைக்கிறதை ஃபிட்டர் வேலைத்தாள்ல சேர்த்துடுங்க. கம்ப்ரஸர் காத்தை நேராப் பேனலுக்குள்ள அடிக்கக் கூடாது, பஞ்சும் ஈரமும் போர்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். வேக்குவம் கிளீனர்தான்.

---

ஒப்பந்தத்தாள்:

செலவு பக்கம் அப்ரண்டிஸ் திட்டத்தையும் பாருங்க. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதுக்கு மேலயோ உள்ள நிறுவனம் மொத்த ஆட்கள்ல 2.5 முதல் 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் எடுத்தாகணும். உங்க 200 பேருக்கு 5-ல இருந்து 30 பேர். 2019 விதிகள்ல பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்சம் மாசம் 6,000, ஐ.டி.ஐ முடிச்சவங்களுக்கு 7,000 ரூபாய். தொகையைத் திருத்துறது உண்டு, ஒப்பந்தம் போடுற அன்னைக்கு எது நடப்புல இருக்கோ அதைப் போடுங்க. தேசிய அப்ரண்டிஸ் ஊக்கத் திட்டத்துல உதவித்தொகையில 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு நேரா அப்ரண்டிஸ் பேங்க் கணக்குல போடுது.

பணம் நிக்கிற இடம் பெரும்பாலும் ஆதார்ல. ஆதார்ல இனிஷியல் பின்னாடி இருக்கும், பாஸ்புக்ல முன்னாடி இருக்கும், பத்தாவது சான்றிதழ்ல அப்பா பேர் முழுசா இருக்கும். மூணும் ஒத்துப்போகலைன்னா அப்ரண்டிஸ் போர்ட்டல்ல ஒப்பந்தம் ஏறாது, ஏறினாலும் பணம் வராது. சேர்க்கிற அன்னைக்கே மூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஒண்ணைக் கண்டிப்பாச் சொல்லியாகணும். தமிழ்நாட்டுப் பஞ்சாலைகள்ல "பயிற்சி"ங்கிற பேர்ல இளம்பெண்களைக் குறைஞ்ச கூலிக்கு வருஷக்கணக்கா வச்சிருந்தது ஊரறிஞ்ச விஷயம். கடைசியில மொத்தமாத் தர்றோம்னு பணத்தைப் பிடிச்சு வச்ச திட்டங்களும் இருந்துச்சு. அந்த வழிக்குப் போகாதீங்க. ஒப்பந்தம் பதிவு பண்ணாம வெறுமனே டிரெய்னின்னு வச்சா அவங்க அப்ரண்டிஸ் ஆக மாட்டாங்க. தொழிலாளியாக் கணக்கு வச்சுக் குறைந்தபட்சக் கூலியும் ஈ.எஸ்.ஐயும் கொடுத்தாகணும். பதிவு பண்ண அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது, அதுக்கு அப்ரண்டிஸ் ஆலோசகர் அனுமதி வேணும். அவங்களை வச்சு ஷிப்ட் ஆள் கணக்கை நிரப்புறதும் தப்பு. கைக்கு வர்ற வரைக்கும் அவங்க கூடுதல் ஆள்தான்.

---

சேரன்மாதேவி_ஷிப்ட்:

எல்லாரும் சொன்னதை வச்சு ஒரு தாள் தயார் பண்றேன். பழைய சைடர்களுக்கும் திரும்பப் பயிற்சி வைக்கணுமா?

---

கதிரடி:

எல்லாருக்கும் ஒரே நாள் வகுப்பு வச்சுக் கையெழுத்து வாங்கிறதால பிரயோஜனம் இல்லை. யாருக்கு எது குறையுதுன்னு பார்த்துட்டு அதை மட்டும் சொல்லிக் கொடுங்க. அதுக்கு டிபார்ட்மெண்ட் சுவர்ல ஒரு அட்டவணை மாட்டுங்க. இடது பக்கம் பேர், மேலே வேலை: பீசிங், ரோவிங் மாத்துறது, டாஃபிங், லேப்பிங் எடுக்கிறது, தீயணைப்பு. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வட்டம். கால்வாசி நிரப்பினா தெரியும், அரை நிரப்பினா ஆள் துணையோட செய்வாங்க, முக்கால் நிரப்பினா தனியா வேகத்தோட செய்வாங்க, முழுசா நிரப்பினா சொல்லிக் கொடுப்பாங்க. ஒவ்வொரு ஷிப்ட்லயும் ஒவ்வொரு வேலைக்கும் முக்கால் வட்டம் குறைஞ்சது மூணு பேருக்கு இருக்கணும். எங்கே குறையுதோ அந்தப் பயிற்சியை மொதல்ல வைங்க. ஊர்க் கொடைக்கு மொத்தமா லீவு போடுற மாசத்துல எந்த ஃபிரேம் நிக்கும்னு அட்டவணையே சொல்லிடும்.

ஒட்டைச் சோதிக்கிறதுக்கு மாசம் ஒரு தடவை ஒவ்வொரு சைடர் காப்லயும் ஒட்டுப் போட்ட இடத்தை 20 எடுத்துக் கருப்பு அட்டையில சுத்திப் பாருங்க. வெள்ளை நூல்ல தடிச்ச ஒட்டு கருப்புல பளிச்சுன்னு தெரியும். ஆட்டோகோனர்ல எந்த ஃபிரேம் காப்புக்குக் கிளியரர் வெட்டு அதிகம்னும் எடுத்து இது கூட ஒத்துப் பாருங்க. 20-ல 3-க்கு மேல தடிச்சிருந்தா அந்த ஆளை நின்ன கதிருக்குக் கூட்டிக்கிட்டுப் போய் கடைசிப் படியை மட்டும் திரும்பப் பழக்குங்க. டிராவலர் நம்பர் மாத்தினாலோ, பஞ்சுக் கலவை மாத்தினாலோ, புது ஃபிரேம் வந்தாலோ, அந்த வாரமே எல்லாருக்கும் கால் மணி நேரம் ஃபிரேம் பக்கத்துல நிறுத்தி என்ன மாறியிருக்குன்னு காட்டிடுங்க. தீயணைப்புக்கு மட்டும் யாருக்குக் குறையுதுன்னு பார்க்கிற பேச்சே கிடையாது. பஞ்சுல பிடிச்ச தீ மேல தெரியாம உள்ளேயே புகைஞ்சு பரவும், அதனால ஒவ்வொரு ஷிப்ட்லயும் எல்லாரும் சிலிண்டரைக் கையில எடுத்து அடிச்சுப் பார்க்கணும்.